மருத்துவம் பார்த்தவள்: திருச்சிராப்பள்ளி – திருவரங்க மகப்பேற்று வரலாற்றில் கல்வெட்டும் தலபுராணமும்

ஆய்வுச் சுருக்கம்

காவிரியின் தென்கரையிலுள்ள திருச்சிராப்பள்ளி மலைக்கோயில், பிள்ளைப்பேற்றைக் கருப்பொருளாகக் கொண்ட தலபுராணத்தை உடையது. ஆற்றின் நடுத்தீவாகிய திருவரங்கத்தின் கோயில், ஆரோக்கியசாலை பற்றிய கல்வெட்டுகளை உடையது. முன்னதில் பேறு உண்டு, மருத்துவ நிறுவனம் இல்லை. பின்னதில் நிறுவனம் உண்டு, பேறு இல்லை. இவ்விரு சான்றுகளையும் ஒருசேர வைத்து நோக்கி, இருபதாம் நூற்றாண்டு மகப்பேற்று ஆய்வுகள் எழுப்பிய வினாக்களோடு அவை எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தாமல் நிற்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தாயுமானவர், செட்டிப்பெண் மருத்துவம், ஆரோக்கியசாலை, மருத்துவச்சி, மகப்பேற்று இறப்பு, கருப்பை இறக்கம்.

முன்னுரை

தமிழில் ‘மருத்துவம்’ என்னும் சொல் இன்று நோய்தீர்க்கும் துறை முழுவதையும் குறிக்கிறது. ஆயினும் பேச்சுவழக்கில் அதற்கு இன்னொரு பொருள் நெடுங்காலம் நிலைத்திருந்தது. ‘மருத்துவம் பார்த்தல்’ என்றால் பிள்ளைப்பேறு பார்த்தல். ‘மருத்துவச்சி’ என்றால் பேறு பார்ப்பவள். ‘மருத்துவன்’ என்னும் ஆண்பாற்சொல் எல்லா நோய்க்கும் உரியவனாக விரிய, அதன் பெண்பாற்சொல் ஒரே ஒரு தொழிலுக்கு உரியதாக நின்றுவிட்டது. இந்தச் சொல் வேறுபாட்டுக்குள் ஒரு சமூக வரலாறு அடங்கியிருக்கிறது. அதைத் தேடுவதற்கு ஏற்ற களம் திருச்சிராப்பள்ளி. ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்னும் பெயரிலேயே ஆண்டுதோறும் சித்திரையில் ஒரு விழா அங்கே நடைபெறுகிறது. அப்பெயரில் உள்ள ‘மருத்துவம்’ பிள்ளைப்பேறே அன்றி வேறில்லை.

மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குபவர்க்கு முதலில் காவிரியும், அதற்கப்பால் தென்னந்தோப்புகளுக்கு மேலே எழுந்து நிற்கும் திருவரங்கத்துக் கோபுரங்களும், அவற்றுக்கும் அப்பால் கொள்ளிடமும் தெரியும். ஒரே பார்வையில் அடங்கும் இந்நிலப்பரப்பில் மருத்துவம் பற்றிய இருவேறு நினைவுகள் காக்கப்பட்டுள்ளன. ஒன்று கதையாக இருக்கிறது. மற்றொன்று கல்லில் இருக்கிறது. வரலாற்றாய்வு வழக்கமாகக் கல்லை நம்பும், கதையை ஒதுக்கும். மகப்பேற்றைப் பொறுத்தவரை அந்த வழக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கதை

தலபுராணம் கூறும் நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. இரத்தினாவதி என்னும் வணிகர்குலப் பெண் நிறைசூலியாகத் திருச்சிராப்பள்ளியில் இருக்கிறாள். துணைக்கு வரவேண்டிய அவள் தாய் மகளுக்கு வேண்டிய பொருள்களோடு புறப்பட்டு வருகிறாள். காவிரியில் வெள்ளம். மறுகரையில் தாய் காத்து நிற்க, இக்கரையில் மகளுக்கு வலி கண்டுவிடுகிறது. உறுதுணை யாருமின்றி அவள் செவ்வந்திநாதரை வேண்ட, இறைவனே அவளுடைய தாயின் உருவில் வந்து பேறு பார்க்கிறான். வெள்ளம் வடியும்வரை தாயும் சேயும் நலமாக இருக்கப் பணிவிடை செய்கிறான். ஆறு இறங்கியபின் உண்மைத் தாய் வந்து சேர்கிறாள். வீட்டுக்குள் இரண்டு தாயர். ஒருத்தி மறைய, இறைவன் காட்சி தருகிறான். அன்றுமுதல் அவனுக்குத் ‘தாயுமானவர்’ என்று பெயர்.

இக்கதை சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய செவ்வந்திப் புராணத்தில் விரிவாக இடம்பெறுகிறது. கதையின் பழமை குறித்து ஒன்று சுட்டத்தக்கது. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் பாடிய சிராப்பள்ளிப் பதிகத்திலேயே இறைவனைத் தாயாகக் காணும் கருத்து உண்டு. அம்மையின் பெயராகிய மட்டுவார்குழலி என்பதன் மூலமும் அங்கே உண்டு. ஆனால் அங்குள்ள தாய்மை அடியவனுக்கு அருளும் தாய்மை. சூலுற்ற பெண்ணோ, வெள்ளமோ, பேறோ அங்கே இல்லை. தாய் என்னும் உவமை முன்னே இருந்தது. பேறு பார்க்கும் தாய் என்னும் நிகழ்ச்சி பின்னே வந்து அதனோடு சேர்ந்தது. உவமையை நிகழ்ச்சியாக்கியவர் யார், எப்போது என்பது தனி ஆய்வுக்குரியது. ஆனால் எந்த அனுபவம் அதைச் செய்தது என்பதை ஓரளவு உய்த்துணரலாம். வேறு எந்த ஊரிலும் இக்கதை இவ்வடிவில் தோன்றியிருக்க இயலாது. ஆறு குறுக்கே ஓடும் ஊரின் கதை இது.

காவிரியில் தென்மேற்குப் பருவமழையின் வெள்ளம் ஆடி மாதத்தில் வரும். மரபு அந்த ஆற்றையே சூலுற்ற பெண்ணாகக் கருதுகிறது. ஆடிப்பெருக்கன்று படைக்கப்படும் கலவைச் சோறுகள் காவிரியின் மசக்கைக்கு என்பது வழக்கு. திருவரங்கத்து நம்பெருமாள் ஆடி மாதத்தில் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் கொடுப்பதும் இதனோடு சேர்ந்ததே. ஆகக் கதையில் ஒரு சூலி மற்றொரு சூலியின் வழியை மறிக்கிறாள். இந்த முரணைப் புராணம் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் அன்றைய கேட்போர்க்கு இருந்திராது. வளம் தரும் வெள்ளமே துறையை மூடும் வெள்ளம் என்பதை ஆண்டுதோறும் கண்டவர்கள் அவர்கள்.

திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்துக்கும் இடையே காவிரியில் நிலையான பாலம் அமைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். அதற்குமுன் பெருவெள்ளக் காலத்தில் தீவிலுள்ள ஒரு பெண்ணுக்கும் கரையிலுள்ள அவள் தாய்க்கும் நடுவே இருந்தது ஓடக்காரனின் துணிவு மட்டுமே. பாலம் வந்தபின்னும் ஆறு தன் ஆற்றலை அவ்வப்போது காட்டியே வந்துள்ளது. 1924 ஜூலை வெள்ளம் காவிரிச் சமவெளி முழுவதும் இன்றும் பேசப்படுகிறது. 1977 நவம்பரில் திருச்சிராப்பள்ளி நகரே நீரில் மூழ்கியது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி வெள்ளத்தில் சரிந்தது.

கதையில் கூர்ந்து நோக்கத்தக்க இன்னொன்று உண்டு. இரத்தினாவதிக்கு நோய் ஏதுமில்லை. அவளுக்கு நேரவிருந்த இடர் உடலில் தோன்றியதன்று, தொலைவில் தோன்றியது. வரவேண்டியவர் வரமுடியாமற் போனமையே இடர். இறைவன் அங்கே அருமருந்து எதையும் தரவில்லை. நோய் நீக்கும் அற்புதம் எதையும் செய்யவில்லை. வந்து சேர்ந்தான், கூட இருந்தான். அவ்வளவே அற்புதம்.

கல்

திருவரங்கத்துச் சான்றுகள் முற்றிலும் வேறு இயல்பின. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் போசளர்கள் திருவரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டிருந்தனர். போசள வீரராமநாதன் காலத்தில் சிங்கண்ண தண்டநாயகன் திருவரங்கம் கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்றை ஏற்படுத்தியதும், அதன் பொறுப்பு கருடவாகன பட்டர் என்னும் பெயர்பூண்ட மருத்துவக் குடியினரிடம் இருந்ததும் கல்வெட்டுகளால் அறியப்படுகின்றன. அதே குடியில் வந்த சீரங்க கருடவாகன பட்டர் சக ஆண்டு 1415இல், அதாவது 1493இல், அச்சாலையைப் புதுப்பித்துத் தன்வந்திரி எம்பெருமானை எழுந்தருளச் செய்தார். இக்கல்வெட்டை அ. சு. இராமநாத ஐயர் எபிகிராபியா இண்டிகா இருபத்துநான்காம் தொகுதியில் பதிப்பித்துள்ளார். தன்வந்திரி சன்னதி இன்றும் வழிபாட்டில் உள்ளது. திவ்வியசூரி சரிதம் என்னும் வடமொழிக் காவியத்தின் ஆசிரியரும் கருடவாகன பண்டிதர் என்னும் பெயரினரே என்பது இக்குடியின் கல்விச் செல்வத்துக்குச் சான்றாகும்.

ஒரு மருத்துவக் குடி இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரே கோயிலில் ஒரே பணியோடு தொடர்ந்தது என்பது தென்னிந்திய மருத்துவ வரலாற்றில் அரிய செய்தி. ஆயினும் இக்கல்வெட்டுகளின் அக்கறை எதன்மீது என்பதையும் நோக்க வேண்டும். மருத்துவக் குடியின் பெருமை, சாலையின் தோற்றம், புதுப்பித்தல், தன்வந்திரி வழிபாடு ஆகியவையே அங்கே பேசப்படுவன. அச்சாலையின் கதவைத் தட்டியவர் யார் என்பது அவற்றின் பொருளன்று. பிள்ளைப்பேறு அங்கே இடம்பெறவில்லை.

இது திருவரங்கத்துக்கு மட்டும் உரிய குறையன்று. சோழர் கால மருத்துவமனைகளுள் மிக விரிவான பதிவைக் கொண்டது காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள திருமுக்கூடல். வீரராசேந்திரன் காலத்து அக்கல்வெட்டு பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைக் குறிப்பதோடு, பணியாளர் ஒவ்வொருவருக்கும் உரிய நெல்லையும் காசையும் கணக்கிட்டு எழுதுகிறது. மருத்துவன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல். அறுவை செய்வான் ஒருவன் உண்டு. மூலிகை கொணர்வார் உண்டு. மருந்து அடும் பெண்டிர் இருவர் உண்டு. நாவிதன் ஒருவனும் உண்டு. மருத்துவச்சி என்று பெயர் பெற்றவள் இல்லை. பெயர் சொல்லப்பட்டவன் மருத்துவன் ஒருவனே.

அந்த நாவிதனிடம் சற்று நின்றுவிட்டுச் செல்ல வேண்டும். தமிழகத்தில் சவரத் தொழிலும் சிறு அறுவை மருத்துவமும் ஒரே சமூகத்தாரிடம் இருந்தன. அச்சமூகம் இன்றும் ‘மருத்துவர்’ என்னும் பெயரைச் சாதிப்பெயராகக் கொண்டுள்ளது. அச்சமூகத்துப் பெண்களே ஊரின் மருத்துவச்சிகளாக இருந்தனர் என்பதை 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுதிகள் பதிவு செய்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடைமுறையைப் பதினோராம் நூற்றாண்டின்மேல் அப்படியே ஏற்றிவிட முடியாது. எனினும் நாவிதனுக்கு நெல் அளந்த கல்வெட்டில் அவன் வீட்டுப் பெண்ணின் கைத்தொழிலுக்கு ஓர் எழுத்தும் செலவிடப்படவில்லை என்பது உறுதி. மருத்துவமனை நோய்க்கு உரிய இடம், பேறு நோயன்று, ஆதலால் அது வீட்டுக்குரியது என்று கருதியிருக்கலாம். அவ்வாறாயின் அது ஏற்கத்தக்க காரணமே. ஆனால் பேற்றுத் தீட்டு என்னும் கோட்பாடு அதே வீட்டுக்கும் ஒரு மூலையை வகுத்துத் தந்தது என்பதை மறத்தற்கில்லை. பட்டர் நுழையாத அந்த அறைக்குள் நுழையும் உரிமை, ஏனைய நாளில் அவ்வீட்டின் முற்றத்தைக்கூடத் தாண்டாத ஒருத்திக்கு இருந்தது. குழந்தை பிறந்து தீட்டுக் கழிந்ததும் அவ்வுரிமையும் கழிந்தது.

வடமொழி மருத்துவ நூல்கள் இத்துறையை அறியாதவை அல்ல. சுசுருத சங்கிதை ‘மூடகர்ப்பம்’ என்னும் பெயரில் தடைப்பட்ட பேற்றுக்குத் தனி இயல்களையே ஒதுக்கியுள்ளது; கரு குறுக்கே கிடக்கும் நிலைகளைப் பிரித்துரைக்கிறது. எனவே நூலறிவு ஒருபுறம் இருந்தது. கைப்பழக்கம் மறுபுறம் இருந்தது. இரண்டும் ஒரே அறையில் சந்தித்ததற்கான சான்று திருவரங்கத்தில் இல்லை.

சென்னையிலிருந்து வந்த மருத்துவம்

ஐரோப்பிய மகப்பேற்று மருத்துவம் தமிழ்நாட்டில் நிறுவனமாக வேரூன்றியது 1844இல் சென்னையில் தொடங்கப்பட்ட மகப்பேற்று மருத்துவமனையில். அதுவே பின்னர் எழும்பூர் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையாக வளர்ந்தது. தமிழில் இத்துறைக்கு முதலில் பாடநூல் தந்தவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மான்செல் என்பாரின் மகப்பேற்று நூலை அவர் 1857இல் தமிழில் வெளியிட்டார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி சார்லிப் 1885இல் சென்னையில் உயர்சாதி, கோஷா மகளிர்க்கென மருத்துவமனை அமைவதற்குக் காரணமானார். திருச்சிராப்பள்ளியை அடுத்த புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலெட்சுமி ரெட்டி 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1926இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. அச்சட்டத்தால் மருத்துவச்சி பதிவேட்டில் இடம்பெற்றாள். ஆனால் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற புதிய மருத்துவச்சிக்கே அந்த இடம். பரம்பரை மருத்துவச்சி பதிவேட்டுக்கு வெளியே நின்றாள். கல்வெட்டுக் கணக்கில் இல்லாதவள் அரசுக் கணக்கிலும் இல்லாமற் போனாள் என்பது வியப்பூட்டும் தொடர்ச்சி.

இக்காலத்து ஆய்வுகளுள் இரண்டை இங்கே குறிப்பிட வேண்டும். பம்பாயிலும் குன்னூரிலும் பணியாற்றிய லூசி வில்ஸ் 1931இன் தொடக்கத்தில் சென்னையின் மேற்கூறிய கோஷா மருத்துவமனையில் சூலுற்ற பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்தார். இரத்த அணுக்கள் அளவுக்கு மீறிப் பெரிதாகி எண்ணிக்கையில் குன்றும் இந்நோய், ஈஸ்ட் சாறு கொடுத்தால் தணிகிறது என்பதை அவர் நிறுவினார். அச்சாற்றிலுள்ள பொருள் ஃபோலிக் அமிலம் என்பது பின்னரே தெளிவாயிற்று. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சூலுற்ற பெண்ணுக்குக் கொடுக்கப்படும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையின் வரலாற்றில் சென்னைப் பெண்களின் பெயரில்லாப் பங்கும் உண்டு. மற்றொன்று, ஆ. இலட்சுமணசாமி முதலியார் சென்னை நகரில் மகப்பேற்று இறப்புகளின் காரணங்களை விசாரித்து 1933இல் அளித்த அறிக்கை. இறந்த பெண்ணைப் பற்றி விசாரிப்பது, அதாவது அவள் ஏன் இறந்தாள் என்று மருத்துவமனைக்கு வெளியேயும் தேடிக் கேட்பது, தமிழகத்தில் ஒரு முறையாக உருப்பெற்றதற்கு அது தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று.

திருச்சிராப்பள்ளி இவ்வரலாற்றில் ஆய்வுக்கூடமாக அல்லாமல் பயன்பெறும் ஊராகவே நெடுங்காலம் இருந்தது. அரசு மருத்துவக் கல்லூரி இங்கு அமைந்தது 1997இல்தான். அதற்கு மருத்துவர் ஒருவரின் பெயரைச் சூட்டாமல், இவ்வூரில் பிறந்த தமிழறிஞர் கி.ஆ.பெ. விசுவநாதத்தின் பெயரைச் சூட்டினர். ‘தமிழ் மருந்துகள்’ என்றொரு நூலையும் எழுதியவர் அவர்; எனவே பெயர் முற்றிலும் பொருந்தாததன்று.

வந்து சேராமை

மகப்பேற்று இறப்பு பற்றிய உலகளாவிய சிந்தனை 1980களில் திசை மாறியது. 1985இல் ஆலன் ரோசன்ஃபீல்டும் டெபோரா மெய்னும், தாய்சேய் நலத் திட்டங்களில் சேய்க்கே எல்லாக் கவனமும் சென்றுவிட்டது, தாய் எங்கே என்று வினவினர். 1987இல் நைரோபியில் பாதுகாப்பான தாய்மைக்கான மாநாடு கூடியது. 1994இல் செரீன் தாடியஸும் டெபோரா மெய்னும் ‘மூன்று தாமதங்கள்’ என்னும் கோட்பாட்டை முன்வைத்தனர். மருத்துவ உதவி வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம். முடிவெடுத்தபின் அவ்விடத்தைச் சென்றடைவதில் தாமதம். சென்றடைந்தபின் உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பேற்றின்போது பெண்கள் இறப்பதற்குக் குருதிப்போக்கு, வலிப்பு, சீழ்த்தொற்று போன்றவை உடற்காரணங்கள் என்றால், அக்காரணங்களை உயிர்க்கொல்லிகளாக ஆக்குவது காலம் என்பதே இக்கோட்பாட்டின் உட்பொருள். பேற்றுக்குப் பின்னான பெருங்குருதிப்போக்கில் ஒரு பெண்ணின் உயிர் சில மணி நேரத்தில் போய்விடும். அந்நேரத்துக்குள் ஆறு வடியாது.

இரத்தினாவதியின் கதை இரண்டாம் தாமதத்தின் கதை. புராணப் பாடலாசிரியர் நோய்நூல் எழுதவில்லை என்பது வெளிப்படை. ஆனால் பேற்றுத் துன்பத்தின் காரணத்தை ஊழ்வினையிலோ தெய்வக் குற்றத்திலோ தேடாமல், துறை மூடிய ஆற்றில் வைத்துக் காட்டியது அக்கதையின் தனிச்சிறப்பு. கல்வெட்டுகள் கேட்காத வினாவை, அதாவது பேற்று நேரத்தில் அவளோடு யார் இருந்தார் என்னும் வினாவை, அக்கதை கேட்டுவிட்டது.

தமிழ்நாட்டில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து மகப்பேற்று இறப்பு ஒவ்வொன்றையும் தணிக்கை செய்யும் முறை வளர்ந்தது. மருத்துவமனைக் கோப்போடு நில்லாமல், இறந்தவளின் வீட்டாரிடம் சென்று நிகழ்ந்தவற்றைக் கேட்டு எழுதுவது இதன் உயிர்நாடி. எப்போது வலி கண்டது, எப்போது புறப்பட்டார்கள், எந்த ஊர்தி, எத்தனை மருத்துவமனைகள் கைமாற்றின என்பன அங்கே கேட்கப்படும் வினாக்கள். இவற்றோடு சேர்ந்தே ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்துநான்கு மணி நேரமும் செவிலியர், அவசர மகப்பேற்று மையங்கள், 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஊர்திச் சேவை ஆகியவை வந்தன. முத்துலெட்சுமி ரெட்டியின் பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் அதற்கும் முன்பே, 1987இல் தொடங்கியது. மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு மகப்பேற்று இறப்பு 2004–06இல் தமிழகத்தில் 111ஆகவும் இந்திய அளவில் 254ஆகவும் இருந்தது. 2018–20இல் அவை முறையே 54, 97 எனக் குறைந்தன.

தாய்வீட்டுத் தலைப்பிரசவம் என்னும் வழக்கம் இங்கு எதிர்பாராத சிக்கல் ஒன்றை உண்டாக்கியதும் குறிப்பிடத்தக்கது. வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு செல்கிறாள். அவளுடைய இரத்த அழுத்தமும் இரத்தசோகையும் எழுதப்பட்ட ஏடு கணவன் ஊரின் செவிலியரிடம் இருக்கிறது. பேறு நிகழ்வதோ வேறு மாவட்டத்தில். சூலுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ‘பிக்மி’ எண் வழங்கி, எந்த ஊரில் பேறு நேர்ந்தாலும் அவள் பதிவைக் காணச் செய்த முறை இச்சிக்கலுக்கு விடையாக அமைந்தது. தலபுராணத்தில் தாய் மகளை நோக்கி வருகிறாள்; நடப்பு வழக்கத்தில் மகள் தாயை நோக்கிச் செல்கிறாள். இரண்டிலும் இடையில் ஒரு பயணம் இருக்கிறது. பயணத்தின்போது யார் பொறுப்பு என்பதே வினா.

கதையும் சொல்லாதது

தலபுராணத்தை இவ்வளவு உயர்த்திச் சொல்லியபின், அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். தாய் வந்துசேர்ந்து இறைவன் மறைந்ததும் கதை முடிந்துவிடுகிறது. இரத்தினாவதி அதன்பின் எழுந்து நடந்தாளா, எத்தனை நாளில் தண்ணீர்க் குடம் தூக்கினாள், பின்னும் எத்தனை பிள்ளை பெற்றாள் என்பன கதைக்கு வேண்டாதவை. மருத்துவமும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. தாயும் சேயும் உயிரோடு இருந்தால் பேறு நலமாக முடிந்தது என்று ஏட்டை மூடியது.

நெடுநேரம் தடைப்பட்ட பேற்றில் குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்போடு சிறுநீர்ப்பையை வைத்து அழுத்துகிறது. அழுத்தப்பட்ட தசைக்கு இரத்தம் செல்லாமல் அது அழுகி, சில நாளில் புழை ஒன்று விழுகிறது. அதன்பின் சிறுநீர் அவள் விருப்பத்துக்கு உட்படாமல் இரவும் பகலும் கசிகிறது. இதனை மூடும் அறுவை முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மேரியன் சிம்ஸ் கண்டது, அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்களை மயக்கமருந்தின்றி மீண்டும் மீண்டும் அறுத்தே. அனார்ச்சா, பெட்சி, லூசி என்னும் மூவர் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. பேறுகாலச் சிறுநீர் மருத்துவம் என்னும் இத்துறையின் தோற்றத்திலேயே பெயரில்லாத பெண்களின் கடன் இருக்கிறது.

மற்றொன்று கருப்பை இறக்கம். ஊர்ப்பேச்சில் அது ‘அடியிறக்கம்’. இடுப்பின் அடித்தளத் தசைகளும் நாண்களும் பேற்றில் இழுபட்டுத் தளர, கருப்பை கீழிறங்குகிறது. பேற்றுக்குப்பின் ஓய்வின்றிப் பளு தூக்குதல், அடுத்தடுத்த பேறுகள், நெடுநாள் இருமல் ஆகியவை அதை மேலும் தள்ளுகின்றன. இதனால் பெண் இறப்பதில்லை. எனவே இறப்புத் தணிக்கைக்குள் அவள் வருவதில்லை. இந்தியாவில் இத்தகைய நோய்களின் பரப்பு வெளிப்பட்டது, 1989இல் ராணி பங், அபய் பங் முதலியோர் மகாராட்டிரத்தின் கட்சிரோலிப் பகுதி பற்றி வெளியிட்ட ஆய்வால். மருத்துவமனைக்கு வராத ஊர்ப்பெண்களைப் பரிசோதித்ததில் பெரும்பான்மையோர்க்கு ஏதேனும் ஒரு மகளிர்நோய் இருந்தது. தமிழகத்தில் 1981இல் செங்கல்பட்டுப் பகுதியில் தோன்றிய கிராமப்புற மகளிர் சமூகக் கல்வி மையம், உழைக்கும் பெண்களிடமிருந்தே இந்நோயின் வரலாற்றைக் கேட்டது. தி.கி. சுந்தரி ரவீந்திரன், சாவித்திரி, பவானி ஆகியோர் 1999இல் வெளியிட்ட அவ்வாய்வு, கருப்பை இறக்கத்தோடு வாழ்ந்த பெண்களின் அனுபவத்தை அவர்தம் கூற்றாகவே முன்வைத்தது.

அவ்வாய்வின் முறை இங்கே சிறப்பாகக் கருதத்தக்கது. வினாக்களைக் கேட்டவர்கள் அதே ஊர்களின் பெண்கள். அவர்களுட் பலர் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர். மருத்துவரிடம் சொல்லாததை, கணவனிடமும் சொல்லாததை, அவர்களிடம் சொன்னார்கள். நடவிலும் களையெடுப்பிலும் குனிந்து நிமிர்ந்தபோது என்ன நேர்ந்தது, எதனால் மறைத்தார்கள், பேறு கழிந்து எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினார்கள் என்பவை ஏட்டில் ஏறின. கருடவாகன பட்டரின் குடிப்பெருமையை எழுதிய கல்லுக்கும் இந்த ஏட்டுக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகள் கழிந்துள்ளன.

சித்திரையில் மலைக்கோயிலின் படிகளில் செட்டிப்பெண் மருத்துவத்தைக் காணச் சூலுற்ற பெண்கள் இன்றும் ஏறிச் செல்கின்றனர். நலமாகப் பெற்றவர்கள் நேர்த்திக்கடனாக வாழைத்தார் கொண்டுவந்து சார்த்துகின்றனர். தார் சுமந்து வருபவர்களுள் இடையில் நின்று, இடுப்பில் கைவைத்து, மூச்சு வாங்கி, மீண்டும் ஏறுபவர்களும் உண்டு. அவர்களிடம் சென்று கேட்டு எழுதும் ஆய்வு திருச்சிராப்பள்ளிக்கு இன்னும் தேவைப்படுகிறது.